பாஸ்கலின் கால் இறக்குமதியான விவரம்

இதனால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை ஆகிய பகுதிகளில் வாழும் மகாஜனங்கள் சகலருக்கும் அறிவித்துக்கொள்வது என்னவென்றால்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மாதம் இரண்டாவது வாரத்தில், இந்த வட்டாரத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, ஒரு கால் தனியாகக் கப்பலேறி வந்து இறங்கியது. கால்கள் இதற்கு முன்பும் எத்தனையோ வந்திருக்கின்றன. ஆனால் அவை ஆளோடு வந்தவை. யாரும் அவற்றை நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. இந்தக் கால் மட்டும் பெட்டிக்குள் படுத்து, அரக்கு முத்திரை குத்தப்பட்டு, மூன்று பிரதிகளில் காகிதம் தயாராகி, ராஜமரியாதையோடு வந்தது.

அப்படி வரும்படி ஏற்பாடு செய்தவர் தேவப்பிரியம்.

தேவப்பிரியம் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. அடுத்தவர் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தருவது தொழில். வேட்டி, அதற்குமேல் கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை, குடைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு ஃபைல். சுங்கச் சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் குரல் தானாகவே இறங்கிவிடும். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற நேரத்தைத் தவிர வேறெப்போதும் அவர் குரல் அவ்வளவு இறங்கி யாரும் கேட்டதில்லை. ஜெபமாலை உருட்டும்போதுகூட வாய் மட்டும் 'அருள்நிறை மரியே' என்கிறது, மனசு 'அட்டவணை ஒன்று, பிரிவு நான்கு' என்கிறது என்று அவருடைய தங்கை சிலுவையம்மாள் பங்குச் சாமியாரிடமே புகார் கொடுத்திருக்கிறாள். சாமியார், அதில் பாவம் எதுவும் இல்லை, சலிப்புத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மனைவி போய்ச் சேர்ந்தபிறகு தேவப்பிரியம் தங்கை வீட்டில்தான் இருந்தார். வீட்டை நடத்தியவள் சிலுவையம்மாள். விடிகாலையில் காசிமேட்டுக் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, கல்மண்டபத்தில் கூடை வைத்து விற்று, மத்தியானத்துக்குள் வீடு திரும்புவாள். அவள் புருஷன் பாஸ்கல் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவன். போன வருஷம் மாசியில், மேலே தொங்கிய இரும்புச் சட்டக் கட்டு நழுவி இறங்கியதில் அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்றிலிருந்து வாசலில் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அபிப்பிராயம் வழங்கிக்கொண்டிருந்தான். கேட்கிறவர்கள் நாளுக்கு நாள் குறைந்தார்கள். அது அவனைக் காலைவிட அதிகமாக வாட்டியது.

இந்த நிலையில்தான் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. நிலக்கரி யார்டு கேட்டுக்குக் காவலாள் வேண்டும். விபத்தில் அடிபட்டவனுக்கு முதல் உரிமை. ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் முன்னால் இரண்டு காலில் நின்று, இருபது அடி நடந்து காட்ட வேண்டும். தவறினால் வேலை வரிசையில் அடுத்தவனான ஜெயவேலுக்கு. ஜெயவேலுக்குப் போனது மூன்று விரல்தான், அதுவும் கையில்.

கால் ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. பாஸ்கலின் தம்பி லூயிஸ் சரக்குக் கப்பலில் சமையல்காரன். லிவர்பூலில் ஒரு கம்பெனியில் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லியிருந்தான். 'காலை என் டிரங்குப் பெட்டியிலேயே போட்டு எடுத்து வந்துவிடவா?' என்று கடிதத்தில் கேட்டிருந்தான். தேவப்பிரியம் நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினார். கால் முறையான சரக்காக, முத்திரையோடு, ரசீதோடு வர வேண்டும்; லூயிஸின் கை அதன்மேல் படவே கூடாது. லூயிஸ் போன கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவை, அது துறைமுகக் கேட்டில் சுங்கத்துக்குக் காட்டப்பட்டதா என்று தெரியாத காரணத்தால் தொடாமல், வெறும் காப்பி குடித்தவர் அவர்.

செவ்வாய்க்கிழமை கப்பல் வந்தது. சாயங்காலம் கொட்டுகிற மழையில் லூயிஸும் வந்து சேர்ந்தான். ஈர விறகு புகைந்து வீடே கண்ணைக் கசக்கியது. சிலுவையம்மாள் சங்கரா மீன் குழம்பை இறக்கி, சுடுசோற்றில் ஊற்றி மூன்று பேருக்கும் தள்ளினாள்.

"இன்னா மாமு, நான் பெட்டில போட்டு எட்த்தாந்திருந்தா இந்நேரம் அண்ணன் பீச்சாண்ட நடந்துட்டு வந்திருப்பாரு" என்றான் லூயிஸ்.

"அதற்குப் பெயர் கடத்தல்" என்றார் தேவப்பிரியம், முள்ளை எடுத்தபடி.

"கால் இன்னா தங்கமா மாமு, கடத்துறதுக்கு?"

"பொருள் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான்."

"கோட்டு போட்டுகினு சோறு துன்றியே, அதுவும் சட்டத்துல கீதா?"

"நல்லா கேளு லூயிசு" என்றாள் சிலுவையம்மாள் அடுப்படியிலிருந்து. "அம்மை போட்டு படுத்தப்பகூட கோட்ட கயட்டல இது. வேப்பலைய கோட்டு மேல வெச்சி தடவினேன்."

"சனிக்கெயம பத்து மணி மச்சான்" என்றான் பாஸ்கல். குழம்பில் கை வைத்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது. "அதுக்குள்ளார வந்துருமில்ல?"

"நான் இருக்கும்போது ஏன் கவலை? வியாழன் காலை பரிசோதனை. மத்தியானம் கால் வீட்டில்."

சாப்பிட்டதும் தேவப்பிரியம் கையைக் கழுவி, இரண்டு தடவை துடைத்து, சுங்கத்தில் கொடுக்க வேண்டிய உறுதிமொழிப் படிவத்தை விரித்தார். கம்பெனி ரசீதில் 'செயற்கைக் கால், ஒன்று' என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்தார்.

"இதுதான் வெள்ளைக்காரன் வேலை. எந்தக் கால்? விவரம் எங்கே? இவ்வளவு பெரிய சாம்ராஜ்யம் சும்மாவா போச்சு? விவரம் போடாமல் போச்சு."

"கால்னு எய்து, ஒண்ணுனு எய்து, முடிச்சிடு அண்ணாத்தே. உனுக்கு எதுக்கு பேஜாரு?" என்றாள் சிலுவையம்மாள்.

"உனக்கு மீன் தெரியும். இது வேறு கடல்" என்றார் தேவப்பிரியம். பிறகு, 'செயற்கைக் கால் – இடது – இறக்குமதியாளரின் சொந்த உபயோகத்துக்கு – ஒன்று' என்று எழுதி, 'இடது' என்பதன் அடியில் ரூல்தடி வைத்து இரண்டு கோடு இழுத்தார்.

வியாழக்கிழமை காலை சுங்க ஷெட்டில் கூட்டம். வெளியே தூறல்; உள்ளே ஈரச் சணலும் மிளகாய் மூட்டையும் கலந்த வாடை. சரக்கை மதிப்பிடும் அப்ரைசர் திருமலை மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆனவர். சட்டப் புத்தகத்தைக் கலியாணம் நிச்சயமான பெண்ணின் கடிதத்தைப் போல மடியில் வைத்துப் படிக்கிறவர். தேவப்பிரியத்தைக் கண்டால் அவர் எழுந்து நிற்பார். தேவப்பிரியம் 'உட்காருங்கள்' என்பார். இந்த ஏற்பாடு இருவருக்குமே பிடித்திருந்தது.

பெட்டி திறக்கும் சௌக்கத் அலி பாய் ஆணியைப் பிடுங்கி மரச்சீவலைத் தள்ளினார். மெருகு போட்ட மரக்கால், தோல்வார், பித்தளைக் கொக்கி. கீழே பளபளவென்று பழுப்பு பூட்ஸ், நாடா கட்டியே இருந்தது.

"சுபானல்லா! பூட்ஸோட வந்துகீது சார். இன்னா ஷோக்கா கீது!"

திருமலையின் முகம் மாறியது. "செயற்கை அவயவத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை, சரி. ஆனால் பூட்ஸ் அவயவம் இல்லையே சார். அதற்கு லைசென்ஸ் வேண்டும். அதுவும் அட்டவணையில் கணக்கு ஜோடியாகத்தான் இருக்கிறது. இது அரை ஜோடி. அரை ஜோடிக்கு லைசென்ஸ் கொடுக்க விதி இல்லை."

தேவப்பிரியம் இதற்காகவே பிறந்தவரைப் போலப் புன்னகைத்தார். "பாய், அந்த பூட்ஸைக் கழற்றுங்கள்."

சௌக்கத் அலி இழுத்தார். முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். காலோடு சேர்ந்து அவரும் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததுதான் மிச்சம். பூட்ஸ் உள்ளிருந்து திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தது.

"கழற்ற முடியாதது காலணி ஆகாது" என்றார் தேவப்பிரியம், எழுந்தேற்ற நேரத்துக் குரலில். "அது பாதம்."

திருமலை பேனாவை வைத்துவிட்டுக் கைகூப்பினார். பக்கத்து மேஜைக் குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். 'அது பாதம்' என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். தேவப்பிரியம் கோட்டின் பொத்தானைச் சரிசெய்து கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு காலைப்பொழுது அவருக்கு வாய்த்ததில்லை.

அது அரை நிமிஷம் நீடித்தது.

சௌக்கத் அலி மரக்காலைத் தரையில் நிறுத்தி, அதன் பக்கத்தில் தன் கால்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிளார்க்கு சார், கோச்சிக்காதீங்கோ. இது சோத்தாங்கை பக்கத்துக் காலாச்சே!"

"இருக்காது."

"பூட்ஸுல கட்டைவெரலு பக்கம் இந்தாண்ட கீது பாருங்கோ."

தேவப்பிரியம் குனிந்து பார்த்தார். காலைத் திருப்பி வைத்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கடைசியாகத் தாமே மறுபக்கம் போய் நின்று பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் அது வலது காலாகவே இருந்தது.

திருமலை படிவத்தைப் பார்த்தார். 'இடது' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. "நீங்கள் 'கால்' என்று மட்டும் போட்டிருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன் சார்" என்றார் வருத்தத்தோடு. "ஆனால் உறுதிமொழி ஒன்று, சரக்கு வேறு. இன்னொன்றும் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு என்றால்தான் விலக்கு. இவருக்குத்தான் வலது கால் சொந்தமாகவே இருக்கிறதே? ஏற்கெனவே ஒரு வலது கால் கைவசம் உள்ளவர் இன்னொரு வலது காலை இறக்குமதி செய்தால், அதை வியாபாரம் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது?"

"என் மைத்துனன் கால் வியாபாரம் செய்கிறவன் இல்லை!"

"தெரியும் சார். ஆனால் காகிதத்துக்குத் தெரியாதே."

இந்த வாக்கியம் தேவப்பிரியத்துடையது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவர்தான் திருமலைக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வெறுங்கையோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, பாஸ்கல் குளித்து, தலைவாரி, உட்கார்ந்த இடத்திலேயே புதுக் கால்சட்டையோடு தயாராக இருந்தான். லூயிஸ் அவர் உட்கார நாற்காலியை எட்டி நகர்த்தினான். விஷயத்தைக் கேட்டதும் சிலுவையம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்த கையோடு எழுந்தாள்.

"வெள்ளக்காரன் ஏமாத்திட்டானா?"

"அவன் இன்னா பண்ணுவான் அண்ணி?" என்றான் லூயிஸ். "நாம குட்த்த அளவுக்குப் பண்ணிகீறான். பேப்பர்ல கால வெச்சி சுத்தி வரைஞ்சி குட்த்தீங்களே, அது யாரு வரைஞ்சது?"

"நான்தான். அடுப்புக்கரிய வெச்சி வரைஞ்சேன்."

"எந்தக் கால?"

"கீற காலத்தான் வரைய முடியும். இல்லாத கால எங்க போயி வரைவாங்க?"

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

"அத்தோட வுட்டுதா? அந்தப் படத்துக்குக் கீய ஒரு ஆளு இங்கிலீசுல எய்தி, கையெயுத்து போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்திகீதே" என்றான் லூயிஸ். "அத்தப் பாத்துட்டு கம்பெனிக்காரன் எயுந்து நின்னு சல்யூட் அட்ச்சான்."

'உண்மை நகல்' என்று எழுதியவர் தேவப்பிரியம்தான். அவர் கோட்டுக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டார். "முறைப்படி ஒரு வழி இருக்கிறது. சரக்கைத் திருப்பி அனுப்ப மனுப் போடலாம். சரியான கால் தை மாசத்துக்குள்..."

"சனிக்கெயம!" என்றாள் சிலுவையம்மாள். "நாளன்னிக்கி! தை மாசம் கால் வந்து ஜெயவேலுக்கு கதவு தொறந்து வுடுமா? நாளைக்கு அந்தக் கால் வூட்டுக்கு வர்ல, சொல்லிட்டேன், கல்மண்டபத்துல உன் கோட்ட விரிச்சி அதுமேல கெளுத்தி கொட்டி விப்பேன்."

"இன்னாத்துக்கு சண்ட?" என்றான் பாஸ்கல். "எந்தக் காலா இருந்தா இன்னா மச்சான்? முட்டில மாட்டணும், தரைல நிக்கணும். பூட்ஸு மூஞ்சி எந்தப் பக்கம் பாத்தா நமுக்கு இன்னா? கேட்டுல நிக்கிறவன் ரெண்டு பக்கமும் பாக்கத்தான வேணும்?"

ஒன்றரை வருஷத்தில் அவன் வழங்கிய அபிப்பிராயங்களில் இது ஒன்றுதான் அந்த வீட்டில் ஏற்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. கைரிக்‌ஷாவில் பாஸ்கல், பக்கத்தில் சிலுவையம்மாள், பின்னால் நடையாக லூயிஸும் தேவப்பிரியமும். விற்றது போக மிச்சமிருந்த மீனோடு கூடையையும் எடுத்துக்கொண்டுதான் சிலுவையம்மாள் வந்தாள். ஷெட்டில் அவளுக்கு உடனே வழி கிடைத்தது.

தேவப்பிரியம் மனுவை நீட்டினார். இறக்குமதியாளர் நேரில் ஆஜராகி, இந்தச் சரக்கு தம் சொந்த உபயோகத்துக்கே என்று நிரூபிக்கத் தயார்.

திருமலை பொருத்திப் பார்க்க அனுமதித்தார். சௌக்கத் அலி மண்டிபோட்டு வார்களை இழுத்துக் கட்டினார். லூயிஸ் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். பாஸ்கல் மூச்சை இழுத்துப் பிடித்து, மேஜை விளிம்பைப் பற்றி, எழுந்தான். பிறகு மேஜையை விட்டான்.

நின்றான்.

"அம்மாடி" என்றாள் சிலுவையம்மாள். அவள் ஒரே வார்த்தையோடு நிறுத்தியதை அன்றுதான் தேவப்பிரியம் பார்த்தார்.

பாஸ்கல் நடந்தான். மிளகாய் மூட்டை வரைக்கும் போனான், திரும்பினான், வந்தான். முட்டி அவன் சொன்னபடி கேட்டது. பூட்ஸின் மூக்கு மட்டும் ஷெட்டை விட்டு வேறெங்கோ போய்விட ஆசைப்பட்டதுபோல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. திருமலை அவனைச் சுற்றி ஒரு முழு வலம் வந்தார்.

"நீங்கள் இதை எந்தக் காலாக உபயோகிக்கிறீர்கள்?"

"இல்லாமப் பூட்ட காலாத்தான் சார்" என்றான் பாஸ்கல்.

திருமலை ஐந்து நிமிஷம் யோசித்து எழுதினார்: 'இடது காலாக உபயோகிக்கப்படும் வலது கால். சொந்த உபயோகம் நேரில் நிரூபிக்கப்பட்டது.' பிறகு ஓர் அச்சடித்த தாளை எடுத்து தேவப்பிரியத்தின் முன்னால் வைத்தார். அவர் கண்களைச் சந்திக்கவில்லை.

"சரக்கை விடலாம் சார். ஆனால் தவறான உறுதிமொழி கொடுத்தவர் இதில் கையெழுத்துப் போட வேண்டும். தவறு நேர்ந்த காரணம் இரண்டில் ஒன்று. வேண்டாததை அடித்துவிடுங்கள்."

தேவப்பிரியம் படித்தார். 'மோசடி நோக்கத்தோடு / அறியாமையால்.'

"மூன்றாவதாக ஒன்று இல்லையா?"

"அச்சடிக்கவில்லை சார்."

தேவப்பிரியத்துக்குக் கோட்டுக்குள் வேர்த்தது. மோசடி என்றால் கால் பறிமுதல், அது தெரியும். ஆனால் மோசடி செய்கிறவனுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். அதில் ஒரு படிப்பு இருக்கிறது, ஒரு கௌரவம் இருக்கிறது. அறியாமை? அதுவும் பக்கத்து மேஜைக் குமாஸ்தாக்கள் பார்த்துக்கொண்டிருக்க, இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம், மசியில்? பேனா முதல் வார்த்தைக்கும் இரண்டாவது வார்த்தைக்கும் நடுவில் இருந்த சின்னக் கோட்டின்மேலேயே நின்றது.

"இன்னாண்ணாத்தே யோசிக்கிற? மத்தியானம் ஆவுது, மீனு நாறுது."

அவர் நிமிர்ந்தார். எதிரே பாஸ்கல் நின்றுகொண்டிருந்தான். யாரும் நிற்கச் சொல்லவில்லை. உட்காரப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. நெற்றியில் வேர்வை வழிய, உட்கார மனசில்லாமல் நின்றுகொண்டிருந்தான். பாஸ்கல் தன்னைவிட அரைச் சாண் உயரம் என்பதை ஒன்றரை வருஷமாக மறந்துவிட்டிருந்தது தேவப்பிரியத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

'மோசடி நோக்கத்தோடு' என்பதை ரூல்தடி இல்லாமலே அடித்தார். கையெழுத்துப் போட்டார்.

"இன்னா எய்துன?" என்றாள் எழுத்து தெரியாத சிலுவையம்மாள்.

தேவப்பிரியம் தாளைத் திருமலை பக்கம் நகர்த்தினார். சௌக்கத் அலி எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணும் இல்லம்மா. கிளார்க்கு சாருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எய்திகீது."

"அத்தத்தான் நான் எப்பமோ சொன்னேனே" என்றாள் அவள். "இதுக்கா கெவுருமெண்டு ஃபாரம் அட்ச்சி வெச்சிகீது?"

லூயிஸ் சிரித்தான். குமாஸ்தாக்கள் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார்கள். தேவப்பிரியம் குடையைக் கக்கத்தில் வைத்து, வெயிலில் இறங்கி நடந்தார். கொஞ்ச தூரம் போனபின், பின்னால் 'டக்... டக்' என்று ஒரு சத்தம் துரத்தி வந்தது. பாஸ்கல் ரிக்‌ஷாவில் ஏற மறுத்துவிட்டான்.

"மச்சான், சேந்து நடக்கலாம். கொஞ்சம் மெதுவா போ" என்றான்.

தேவப்பிரியம் மெதுவாகப் போனார். ராயபுரம் பாலம் வரைக்கும் போய், அதற்குமேல் முடியாமல் இரண்டு பேருமே ரிக்‌ஷா ஏறினார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பாஸ்கல் டாக்டர் முன்னால் நின்றான். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இருபது அடியைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. எல்லா விளக்கங்களும் மூன்று பிரதிகளில் தயாராக இருந்த ஃபைலோடு தேவப்பிரியம் வராந்தாவில் காத்திருந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. பத்தேகாலுக்கு வேலை உத்தரவு கைக்கு வந்தது. சிலுவையம்மாள் அன்றைக்கு வஞ்சிரம் எடுத்து வறுத்தாள். லூயிஸ் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். தேவப்பிரியம் எதுவும் கேட்காமல் இரண்டு எடுத்துத் தின்றார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பாஸ்கல் காக்கிச் சட்டையோடு, அந்தக் காலோடு, நிலக்கரி யார்டு கேட்டில் போய் விறைப்பாக நின்றான். கேட்டு மேஸ்திரி அவனுக்கு ஒரு ஸ்டூலைக் காட்டினார். அது உட்கார்ந்தே பார்க்கிற வேலை.